கடைசி ரவுண்டுகளில் மூத்த வீரர்களை எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிஜ அமெரிக்கக் கால்பந்து வீரர்களைக் கொண்டு கற்பனை அணி அமைத்து, அவர்களின் ஆட்டத்துக்கு ஏற்பப் புள்ளிகள் பெறும் விளையாட்டு ஃபேண்டசி ஃபுட்பால். அதில் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பத்தாவது ரவுண்டைத் தாண்டியதும், மிஞ்சியிருக்கும் பட்டியலில் பழகிய பெயர் ஒன்று தென்பட்டால் கை தானாக அதன்மீது போய்விடுகிறது. மூத்த வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் முதல் தவறு இதுதான். 2016, 2018 ஆகிய இரு பருவங்களில் அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்எஃப்எல்லிலேயே பந்தை ஏந்தி அதிக கஜம் ஓடிய எசக்கியேல் எலியட், 2024இல் டல்லஸ் கௌபாய்ஸ் அணிக்குத் திரும்பி அப்பருவத்தில் ஓடியது 226 கஜம் மட்டுமே. அதே அணியின் ரிக்கோ டௌடலோ ஆயிரம் கஜத்தைக் கடந்தார். நாம் எடுக்க வேண்டியது வீரரின் பழைய புகழை அல்ல, இந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைக்கப்போகும் வேலையை.

வயதைக் கேட்டதுமே ஒதுக்கிவிடுவது இதற்கு நேர்மாறான தவறு. 31 வயதான ரஹீம் மோஸ்டர்ட் 2023இல் மயாமி டால்ஃபின்ஸ் அணிக்காக 21 டச் டவுன்கள் (எதிரணியின் இறுதி எல்லைக்குள் பந்தைச் சேர்த்து எடுக்கும் ஸ்கோர்) எடுத்தார். அவருடைய பயிற்சியாளர் மைக் மெக்டேனியல், சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த காலத்திலேயே அவரை நன்கறிந்தவர். 2024இல் வாஷிங்டன் அணிக்காக 66 பந்துகளைப் பிடித்து 7 டச் டவுன் எடுத்த டைட் எண்ட் (எதிராளிகளைத் தடுப்பதோடு பந்தையும் பிடிப்பவர்) ஸாக் எர்ட்ஸின் கதையும் அப்படித்தான்; அங்கே தாக்குதல் ஆட்டத்தை வகுத்த கிளிஃப் கிங்ஸ்பரி, அரிஸோனாவில் அவருக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். ஆகவே மூத்த வீரர் ஒருவரை எடுக்கும் முன், அந்த அணியில் ஆட்டத்தை வகுப்பவர் யார், அவர் இந்த வீரரை முன்பு எப்படிப் பயன்படுத்தினார் என்று பார்ப்பதைவிடப் பயனுள்ள சோதனை எனக்குத் தெரிந்து வேறில்லை.

மூன்றாவது தவறு அவசரம். வீசப்படும் பந்தைப் பிடிக்கும் வீரரான ஆடம் தீலன் 2023இல் கரோலினா பேந்தர்ஸில் ஆடிய முதல் ஆட்டத்தில் பிடித்தது 2 பந்துகள், எடுத்தது 12 கஜம். அதைக் கண்டு அவரை விடுவித்தவர்கள், மூன்றாவது வாரம் சியாட்டிலில் அவர் 11 பந்துகளைப் பிடித்து 145 கஜம் எடுத்ததை வேறொருவரின் அணியில்தான் பார்த்திருப்பார்கள். புள்ளிகளைப் பார்த்து முடிவெடுக்காமல், அணி பந்தை ஆடிய தடவைகளில் எத்தனையில் களத்தில் நின்றார், எத்தனை முறை பந்து அவரை நோக்கி வீசப்பட்டது என்று பாருங்கள். அதே தீலன் அப்பருவத்தில் எடுத்த நான்கு டச் டவுன்களும் முதல் ஆறு வாரங்களுக்குள் முடிந்துவிட்டன. உச்சத்தில் இருக்கும்போது அவரைக் கொடுத்து வேறொருவரை வாங்காமல் வைத்திருந்ததும் தவறுதான்.

உங்கள் அணியின் மாற்று வீரர் இடங்களான பெஞ்சு முழுவதையும் இத்தகையோரால் நிரப்பக் கூடாது, இரண்டு பேர் போதும். மூத்தவரின் பங்கு செப்டம்பரிலேயே தெரிந்துவிடும். இளையவருக்கு அது நவம்பரில்தான் வாய்க்கக்கூடும் என்பதால் அவருக்கும் இடம் வேண்டும்.

கடைசியாக, நாள் குறிப்பதில் கவனம் தேவை. பல ஆண்டுகள் ஆடியவர் முதல் வார அணியில் இடம்பெற்றுவிட்டால் அவருடைய அப்பருவச் சம்பளம் பெரும்பாலும் உறுதியாகிவிடும் என்பதால், சந்தேகமுள்ள மூத்தவர்களை அணிகள் அதற்கு முன்பே விடுவிக்கின்றன. எனவே ஆகஸ்ட் இறுதியில் அணிகள் 53 பேராகக் குறைக்கப்பட்ட பிறகே டிராஃப்டை வைத்துக்கொள்ளுங்கள்.