கடனை அடைப்பதா, ஓய்வுக்காலத்துக்குச் சேர்ப்பதா?

மாதச் செலவு போகக் கையில் கொஞ்சம் மிஞ்சுகிறது. அதைக் கடனில் கட்டுவதா, ஓய்வுக்காலத்துக்கென்று போட்டுவைப்பதா? கடன் தீரும்வரை சேமிப்பே கிடையாது என்று வைராக்கியமாக இருப்பவர்கள் உண்டு. கார்டு கடனை ஓடவிட்டுவிட்டு, சேமிப்புக் கணக்கு ஏறுவதைப் பார்த்துப் பூரிப்பவர்களும் உண்டு. நான் சில வருடம் இந்த இரண்டாவது கட்சி. எல்லாக் கடனுக்கும் சேர்த்து ஒரே பதில் தேடியதுதான் என் தப்பு.

படி 1: தாளில் எழுதுங்கள்

ஒரு கடனுக்கு ஒரு வரி. பாக்கி அசல், ஆண்டு வட்டி, மாதத் தவணை, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா. தவணையை யாரும் டக்கென்று சொல்லிவிடுவார்கள்; வட்டி என்னவென்று கேட்டால்தான் தலையைச் சொறிவார்கள்.

வட்டியில் இரண்டு இடங்களில் ஏமாறலாம். கார்டில் மாதம் 3 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 36 அல்ல. வட்டிக்கு வட்டி ஏறி 42.6. இன்னொன்று ‘ஃபிளாட்’ வட்டி. அசல் குறைந்துகொண்டே வந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே வட்டி போடுவார்கள். மூன்று வருடக் கடனுக்கு ஃபிளாட் 10 சதவீதம் என்பது உண்மையில் ஏறக்குறைய 18.

படி 2: தவணை தவறக்கூடாது

எல்லாக் கடனுக்கும் கட்டாயத் தவணையைக் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். அப்புறம் ஒரு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியே ஒதுக்குங்கள். அது இல்லாவிட்டால் ஒரு பல்வலி வந்தால்கூட மறுபடி கார்டைத்தான் தேய்க்க வேண்டியிருக்கும்.

படி 3: நிறுவனம் தரும் பங்கை விடாதீர்கள்

சில வேலைகளில் நீங்கள் ஓய்வுக்காலக் கணக்கில் 100 போட்டால் நிறுவனமும் 50 போடும். போட்ட அன்றே 50 சதவீத லாபம். கடன் இருந்தாலும் அந்தப் பங்கு முழுதாகக் கிடைக்கும் அளவுக்காவது போடுங்கள். எத்தனை வருடம் வேலையில் இருந்தால் அது உங்களுக்குச் சொந்தமாகும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: மீதிப் பணத்துக்கு ஒரு கோடு

இப்போது தாளுக்கு வாருங்கள். நீண்டகாலச் சேமிப்பு ஆண்டுக்கு 8 சதவீதம் தரும் என்று வைத்துக்கொள்வோம். அதைவிட வட்டி கூடுதலான கடன்கள் கோட்டுக்கு மேலே, குறைந்தவை கீழே. மேலே இருப்பவற்றில் அதிக வட்டிக் கடனை முதலில் அடையுங்கள். சின்னக் கடனை முதலில் தீர்த்தால் உற்சாகம் வரும் என்பார்கள். வரும், ஆனால் வட்டி கூடும். பாதியில் விட்டுவிடும் சுபாவம் என்றால் அப்படியே செய்யுங்கள், தப்பில்லை.

என் கார்டு கதை இதுதான். பாக்கி 100 என்றால் மாத வட்டி சேர்ந்து 103. குறைந்தபட்சம் கட்ட வேண்டியது அதில் 5 சதவீதம், அதாவது 5.15. கட்டிய பிறகு மீதி 97.85. ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், கடனோ மாதம் 2.15தான் கரைந்தது. புதிதாக ஒன்றுமே வாங்காவிட்டாலும் இந்த வேகத்தில் அது பாதியாக 32 மாதம் ஆகும். சேமிப்பில் 8 சதவீதம் சம்பாதிக்க, இந்தப் பக்கம் 42 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தேன்!

கோட்டுக்குக் கீழே இருக்கும் கடனுக்கு அவசரம் வேண்டாம். மாதம் 1,000 வீதம் 8 சதவீதத்தில் 30 வருடம் போட்டால் கிட்டத்தட்ட 14.9 லட்சம். கடனை முடித்துவிட்டு வருகிறேன் என்று 10 வருடம் தள்ளி ஆரம்பித்தால் 5.9 லட்சம். போடாமல் விட்டது 1.2 லட்சம்தான், போனது 9 லட்சம்.

வட்டி கோட்டை ஒட்டியே இருந்தால்? ஆளுக்குப் பாதி. கடனை அடைத்தால் மிச்சமாகும் வட்டி நிச்சயம், சேமிப்பின் லாபம் எதிர்பார்ப்புதான். அதனால் நான் கடன் பக்கம் கொஞ்சம் சாய்வேன்.

படி 5: தவணை முடிந்த மாதம்

ஒரு கடன் தீர்ந்தால் அந்தத் தவணைப் பணம் அடுத்த மாதமே செலவில் கரைந்துவிடும். எனவே கடைசித் தவணை கட்டும் அன்றே வங்கியில் தானியங்கிப் பரிமாற்றம் போட்டுவிடுங்கள்: அதே தேதி, அதே தொகை. கோட்டுக்கு மேலே இன்னொரு கடன் இருந்தால் அதற்கு, இல்லையென்றால் ஓய்வுக்காலக் கணக்குக்கு.