குழாயடியில் கிடைத்த பதில்: இளையோர் மனநல ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் ஒரு லைன் வீடு. ஒற்றை அறை, அதற்குள்ளேயே அடுப்பு. தாய் தரையில் உட்கார்ந்து பனியன் துணியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் 11-ஆம் வகுப்புப் படிக்கும் மகள். அவள் கையிலும் ஒரு கத்தரி. இளையோர் மனநல ஆய்வுக்காகப் போயிருந்த நான் மகளிடம் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். தூக்கம் வருகிறதா? "படுத்தால் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவாள்" என்றார் தாய். சாப்பாட்டுக்கும் அவரே பதில் சொன்னார். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருவதுண்டா என்பது. "எங்கள் பிள்ளைக்கு அப்படியெல்லாம் கிடையாது." மகள் நிமிர்ந்து பார்க்கவில்லை, கத்தரி மட்டும் நின்றது. ஒன்பதுக்கும் பூஜ்யம் போட்டுக்கொண்டு கிளம்பினேன். குழாயடிவரை கூடவே வந்தவள், "அக்கா, கடைசிக் கேள்விக்கு அம்மா சொன்னது சரியில்லை" என்றாள்.

என் பையில் வினாத்தாள்கள் கட்டாக இருந்தன. இப்படி ஒரு பிள்ளை சொன்னால் யாரை அழைப்பது என்று ஒரு தொலைபேசி எண்கூட இல்லை. அங்கேயே உட்கார்ந்து அவளோடு பேசினேன். அவள் சம்மதித்த பிறகு தாயிடமும் பேசி, மறுநாள் மூவருமாகப் பஸ் ஏறி அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனோம். அவள் இன்று நன்றாக இருக்கிறாள். ஆனால் அன்று அவள் குழாயடிக்கு வராமல் போயிருந்தால் என் அட்டவணையில் 'பாதிப்பு இல்லை' என்ற வரிசையில் கிடந்திருப்பாள்.

ஆய்வுக்குக் கிளம்பும் சமூகப்பணி, உளவியல், செவிலியர் மாணவர்கள் பலர் இதே தவறைச் செய்வதைப் பார்க்கிறேன். குடும்பம் பற்றிய ஆய்வு என்றால் குடும்பத்தையே கூட்டிவைத்துக் கேட்பது என்று நினைக்கிறார்கள். பிள்ளையைத் தனியாகக் கேளுங்கள், பெற்றோரைத் தனியாகக் கேளுங்கள். இரு பதில்களும் மோதினால் ஒன்றைத் தூக்கி எறியாதீர்கள். ஒரே வீட்டுக்குள் இருக்கும் அந்தத் தூரத்தைத்தானே அளக்கப் போயிருக்கிறோம்? பிரிட்டனின் குழந்தை மனநல மருத்துவர் ராபர்ட் குட்மேன், பிள்ளைகளின் மனநலத்தை அறிய 1997-இல் வெளியிட்ட 25 கேள்விகள் கொண்ட வினாத்தாளில் பெற்றோருக்கு, ஆசிரியருக்கு, வளர்ந்த பிள்ளைக்கு என்று தனித்தனிப் படிவங்கள் இருப்பது இதனால்தான். ஒற்றை அறை வீட்டில் தனிமைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். இருவராகப் போங்கள். ஒருவர் தாயிடம் அவருக்கான கேள்விகளோடு உட்காரட்டும். மற்றவர் பிள்ளையோடு கோயில் திண்ணைவரை நடக்கட்டும். நூற்பாலை விடுதிகளில் இன்னும் கவனம் வேண்டும். வார்டன் பக்கத்திலேயே நிற்க, நிர்வாகமே தாள்களைத் திரட்டிக் கொடுத்தால், அந்தப் பெண்கள் எழுதியது உங்களுக்கான பதில் அல்ல, நிர்வாகத்துக்கானது.

நம் ஊர் மரியாதையும் ஆய்வாளரை ஏமாற்றும். 'சரிங்க', 'ஆமாங்க' என்பது பல நேரம் பதிலே அல்ல, 'நீங்கள் சொல்வது காதில் விழுகிறது' என்பதுதான். "சேவை திருப்தியாக இருந்ததா?" என்று கேட்டால் வந்தவர் மனம் நோகக் கூடாதென்று ஆமாங்க என்றுதான் சொல்வார்கள். "போன தடவை போனபோது என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். காத்திருந்த நேரம், கிடைக்காத மாத்திரை, மருத்துவர் முகம் கொடுத்துப் பேசினாரா என்பதெல்லாம் தானாக வரும்.

மொழிபெயர்ப்பிலும் இதே கதைதான். 'மனச்சோர்வு' என்ற சொல்லை அந்தியூர்ப் பக்கத்துப் பாட்டியிடம் சொன்னால் சோர்வு மட்டும்தான் புரியும். தலைப்பாரம், நெஞ்சுப் படபடப்பு, சோறு இறங்கவில்லை, ஒன்றிலும் மனசு ஒட்டவில்லை என்றுதான் அவர் சொல்வார். கேள்வியைப் படித்துக் காட்டி, "இது என்ன கேட்கிறது, நீங்கள் சொல்லுங்கள்" என்று முதலில் பத்துப் பேரிடமாவது கேட்டுப்பாருங்கள். உதவி தேடிய இடங்களின் பட்டியலில் மருத்துவமனையை மட்டும் போடாதீர்கள். கோயிலில் பூ கேட்டதும், மந்திரித்துக் கயிறு கட்டியதும், அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டில் ஆறு மாதம் விட்டுவைத்ததும் அதில் வர வேண்டும். குடும்பம் அங்கேதான் முதலில் போயிருக்கும். அதை மூடநம்பிக்கை என்று முகம் சுளித்தால் அடுத்த பதில் வராது.

யாரைக் கேட்கிறோம் என்பதில் நேரமும் சேர்ந்திருக்கிறது. திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவரை வாரநாளில் பகல் 11 மணிக்கு வீட்டில் தேடினால் பூட்டுதான் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை போங்கள். மருத்துவமனை வாசலில் மட்டும் நின்றால், வந்து சேர்ந்தவர்களைத்தான் எண்ணுவீர்கள். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி சிகிச்சை பெறாதவர்களின் பங்கு நோய்க்கு நோய் மாறி, 70 முதல் 92 சதவீதம்வரை இருந்தது. கணக்கெடுக்கப்பட்ட 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. தாளவாடியிலிருந்து திம்பம் மலையின் 27 கொண்டைஊசி வளைவுகளை இறங்கி மாத்திரை வாங்க வருபவருக்கு, கூட வருபவரின் கூலியும் சேர்ந்து போகிறது. பாதியில் நின்றுபோனவர்களைத் தேடிப்போய் ஒரு தடவை வந்துபோக என்ன செலவானது என்று கேட்காத ஆய்வு, சேவையைப் பற்றிய ஆய்வே அல்ல.

பெற்றோர் கையெழுத்து வாங்குவது தொல்லை என்று 18 வயது தாண்டிய கல்லூரி மாணவர்களோடு நின்றுவிடுகிறவர்களும் உண்டு. வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள் தொடங்குவதாக 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்த வயதை விட்டுவிட்டு என்ன கண்டுபிடிக்கப் போகிறோம்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி 18 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் ஒப்புதலோடு, 7 வயதிலிருந்தே பிள்ளையின் இசைவும் வேண்டும். அப்பா கையெழுத்துப் போட்டாலும் பிள்ளை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பாலியல் கொடுமை தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். உயிருக்கு ஆபத்தென்றாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த எல்லையை முதல் கேள்விக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும் அழைக்கலாம்; வினாத்தாளின் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

மனச்சோர்வைப் பற்றிய ஒன்பது கேள்விகள் கொண்ட பிஹெச்க்யூ-9 தாளில் 10 மதிப்பெண் வந்தவருக்கெல்லாம் 'நோய்' என்று எழுதுவதும் தவறு. அது கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கும் சல்லடை, அவ்வளவுதான். நோயா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

ஆய்வேட்டைக் கல்லூரியில் கொடுத்துவிட்டு அந்தத் தெருப்பக்கம் திரும்பாமல் இருப்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. இரண்டாவது ஆய்வுக்குப் பிறகு, கண்டதை இரண்டு பக்கத்தில் எழுதி, ஒரு ஞாயிறு மாலை அதே குழாயடியில் படித்துக் காட்டினோம். யார் வீடு என்று தெரியாதபடிதான். கேட்டுக்கொண்டிருந்த ஒரு தகப்பனார் எழுந்து, மனநல மருத்துவர் எந்தக் கிழமை உட்காருவார் என்று கேட்டார். சொன்னேன். வீட்டுக்குள் போய், காலண்டரில் வட்டமிட்டுவிட்டு வந்தார்.