கார்பன் பிடிப்பு ஆய்வு: சிலிண்டர் வாயுவை நம்பி ஏமாறாதீர்கள்

புகையிலிருந்தோ காற்றிலிருந்தோ கார்பன் டை ஆக்சைடைப் பிரித்துப் பிடிக்கப் புதிதாக ஓர் உறிஞ்சுபொருளைத் தயாரித்துவிட்டு, "ஒரு கிராமுக்கு 5 மில்லிமோல் கார்பன் டை ஆக்சைடு பிடிக்கிறது" என்று மாணவர் யாராவது சொன்னால், "எந்த வாயுவில் அளந்தீர்கள்?" என்றுதான் முதலில் கேட்பேன். 25 டிகிரி, 1 பார் அழுத்தம், சிலிண்டரிலிருந்து வந்த தூய வாயு என்று பெரும்பாலும் பதில் வரும். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. நிலக்கரி அனல்மின் நிலையப் புகையில் கார்பன் டை ஆக்சைடு 12 முதல் 15 சதவீதம்தான். இயற்கை எரிவாயு டர்பைன் என்றால் 4 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி நைட்ரஜன். ஆகவே, 1 பார் புகையில் கார்பன் டை ஆக்சைடின் பங்கான 0.15 பாரிலும் 0.04 பாரிலும் உங்கள் பொருள் எவ்வளவு பிடிக்கிறது, கூடவே எவ்வளவு நைட்ரஜனை இழுக்கிறது என்று பாருங்கள். காற்றிலிருந்தே நேரடியாகப் பிடிப்பதானால் 0.0004 பாருக்கு இறங்க வேண்டும்.

அடுத்தது ஈரம். நல்ல உழைப்பு வீணாவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். புகையில் நீராவி இருந்தே தீரும். ஜியோலைட் 13எக்ஸ் என்ற நுண்துளைக் கனிமம் உலர்ந்த வாயுவில் பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் அதிலுள்ள சோடியம் அயனிகளுக்குத் தண்ணீர் மேல்தான் மோகம் அதிகம். தண்ணீர் வந்து உட்கார்ந்துவிட்டால் கார்பன் டை ஆக்சைடுக்கு இடமில்லை. கடலோர ஊர்க் காற்றில் சற்று நேரம் திறந்து வைத்தாலே போதும், சோதனைக்கு முன்பே அது தண்ணீர் குடித்திருக்கும். உலோக அயனிகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்த நுண்துளைப் பொருளான (மாஃப்) மெக்னீசியம் மாஃப்-74 இன்னும் பரிதாபம்: ஈரம் பட்டபின் சூடாக்கி உலர்த்தினாலும் பழைய திறன் முழுதாகத் திரும்புவதில்லை. கால்கரி பல்கலைக்கழகத்தில் உருவான கால்ஃப்-20 என்ற மாஃப் வேறு ரகம். அதன் கொள்ளளவு சாதனை அளவல்ல. ஆனால் ஈரப்பதம் 40 சதவீதத்தைத் தாண்டாதவரை தண்ணீரால் அதற்குப் பெரிய பாதிப்பில்லை, நீராவியையும் தாங்குகிறது. சிமென்ட் ஆலைப் புகை வரை அது போனதற்கு இதுவே காரணம்.

ஈர வாயுவில் அளக்கும்போதும் ஒரு குழி உண்டு. சூடாக்கியபடியே மாதிரியின் எடையை அளக்கும் டி.ஜி.ஏ. தராசு எடை கூடியதை மட்டுமே காட்டும். கூடியது தண்ணீரா, கார்பன் டை ஆக்சைடா என்று அதற்குத் தெரியாது. வெளியேறும் வாயுவைத் தனியே பகுத்துப் பார்க்காமல் அந்த எடையை அப்படியே எழுதினால், தண்ணீரைப் பிடித்ததற்குப் பாராட்டு வாங்குவீர்கள்.

பிடித்ததைத் திருப்பி வெளியே விடவும் வேண்டும். இந்தத் தொழிலில் உடும்புப்பிடி பெருமையல்ல. கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க வழக்கமாகப் பயன்படும் திரவமான மோனோ எத்தனால் அமீனின் 30 சதவீதக் கரைசலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மோல் அமீன் சுமார் 0.5 மோல் கார்பன் டை ஆக்சைடு வரை ஏற்றிக்கொள்ளும். சூடாக்கிய பிறகும் 0.2 அளவு உள்ளேயே தங்கிவிடும். உண்மையில் கைக்கு வருவது 0.3தான். அதற்கே கரைசலை 120 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும், பிடிக்கும் ஒரு டன்னுக்கு 3.5 முதல் 4 கிகா ஜூல் வெப்பம் வேண்டும். மின் உற்பத்திக்குப் போக வேண்டிய நீராவியிலிருந்துதான் அதை எடுக்கிறார்கள். எனவே மொத்தக் கொள்ளளவோடு நிற்காமல், ஒரு சுற்றில் ஏறி இறங்கும் அளவையும் அதற்கான வெப்பத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

ஐந்து சுற்று ஓட்டிவிட்டு "நிலைத்தன்மை உள்ளது" என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். மணிக்கு ஒரு சுற்று என்றால் ஆண்டுக்கு 8,760 சுற்றுகள். புகையிலுள்ள ஆக்சிஜன் அமீனைச் சிதைக்கும், சல்ஃபர் டை ஆக்சைடு அதை மீளாத உப்பாக்கும். 2014ல் கனடாவின் சஸ்காச்சுவானில் தொடங்கிய பவுண்டரி டேம் நிலக்கரி மின்நிலையக் கார்பன் பிடிப்புத் திட்டத்தைத் திணறடித்தவற்றில் அமீன் சிதைவும் சாம்பல் தூசும் முக்கியமானவை.

கடைசியாக, கணக்கு. பிடித்த டன் வேறு, தவிர்த்த டன் வேறு. 100 டன் பிடிக்க எரித்த எரிபொருள் 25 டன்னை வெளியே விட்டால், தவிர்த்தது 75 டன்தான். பிடித்தது எங்கே போகிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். தூத்துக்குடியில் 2016ல், நிலக்கரி பாய்லர் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் பிடித்துச் சோடா சாம்பலுக்குப் பயன்படுத்தும் ஆலை தொடங்கியது. வெளியிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வாங்கும் தேவையைக் குறைக்கும் நல்ல பயன் அது. ஆனால் சோடா சாம்பல் கண்ணாடி உலைக்குப் போனால் அந்த வாயு மறுபடி காற்றில் கலந்துவிடும். நார்வேயின் ஸ்லைப்னர் கடல் எரிவாயு வயலில் 1996 முதல் கடலடிப் பாறைக்குள் செலுத்தும் டன்களையும் இதையும் ஒரே கணக்கில் கூட்டாதீர்கள்.