ஏ-புஷ் படிக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு ஆச்சி சொல்வது

பேத்தி நியூ ஜெர்சியில் இருக்கிறாள். போன வருஷம் பள்ளி திறக்கும் முன்னால் போன் பண்ணி, "ஆச்சி, நான் ஏ-புஷ் எடுத்திருக்கேன். நீங்க ஹிஸ்டரி டீச்சர்தானே, சொல்லிக் குடுங்க" என்றாள். தண்டால் எடுக்கிற வகுப்போ என்று நினைத்துவிட்டேன். அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் யு.எஸ். ஹிஸ்டரியைத்தான் அங்கே பிள்ளைகள் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள். பள்ளியில் இருந்தபடியே கல்லூரித் தரத்தில் அமெரிக்க வரலாறு படிப்பது. மே மாதம் காலேஜ் போர்டு தேர்வு வைக்கும், 1 முதல் 5 வரை மதிப்பெண்.

பாளையங்கோட்டையில் 31 வருஷம் மேல்நிலை வகுப்புக்கு வரலாறு நடத்தினவள் நான். அந்தத் தைரியத்தில் இறங்கி முதல் இரண்டு மாதம் பிள்ளையைக் கெடுத்தேன். கேள்வி-பதில் நோட்டு, ஆண்டு, ஒப்பந்தம், ஷரத்து என்று நம் ஊர் வழக்கப்படியே நடத்தினேன். அவளும் அழகாக ஒப்பித்தாள். பள்ளியில் வைத்த முதல் தேர்வில் பாதி மார்க் வரவில்லை. "ஸ்டாம்ப் ஆக்ட் எந்த வருஷம்னு யாருமே கேக்கலை ஆச்சி" என்று ஒரே அழுகை. 1765 என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்டால்தானே!

அதனால் புத்தகத்தைத் திறக்கும் முன்னால் தேர்வு எப்படி என்று பாருங்கள். பாடத்திட்டம் காலேஜ் போர்டு தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 55 கொள்குறி வினா, 55 நிமிஷம், 40 சதவீதம். ஒவ்வொன்றும் ஒரு பழைய கடிதத் துண்டையோ படத்தையோ காட்டித்தான் கேட்கும். அப்புறம் மூன்று சிறுவினா, ஒரு நீண்ட கட்டுரை. இதெல்லாம் போக டி.பி.க்யூ., அதாவது ஆவணம் சார்ந்த வினா, என்று ஒன்று. ஏழு ஆவணங்களைக் கையில் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் அவற்றை வைத்து வாதம் எழுதச் சொல்வார்கள். அது மட்டும் 25 சதவீதம். இப்போது எல்லாம் கணினியில்தான், தட்டச்சு தடுமாறினால் அதையும் இப்போதே பழக வேண்டும்.

பாடம் 1491-இல் தொடங்கி இன்றுவரை ஒன்பது காலகட்டம். கொலம்பஸுக்கு முந்தைய வருஷத்தில் ஏன் தொடங்குகிறார்கள் என்று பிள்ளையிடமே கேளுங்கள், முதல் வகுப்பு அதிலேயே போய்விடும். ஆனால் அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் காலகட்டத்துக்கும் கடைசிக்கும் 4 முதல் 6 சதவீதம்தான். மூன்றாவது முதல் எட்டாவது வரை, அதாவது 1754-லிருந்து 1980 வரை, ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 17. நாங்கள் தினக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்பதை எடுத்து, பின்பக்கம் காலகட்டத்துக்கு ஒன்றாக எழுதினோம். ஒரு தாளில் ஐந்து வரிக்கு மேல் கூடாது. அவள் அங்கே சுவரில் ஒட்டினாள், நான் இங்கே பூஜை அறைக் கதவில்.

சரி, ஆவணம் படிப்பதற்கு வருவோம். எனக்கே புத்தி வந்தது சேரன்மகாதேவி வயலின் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்த்த அன்றுதான். பத்திரத்தை நாம் எப்படிப் படிப்போம்? எழுதிக் கொடுத்தவர் யார், எழுதி வாங்கியவர் யார், என்ன தேதி, சாட்சி யார், நான்கு மால், அதாவது நாற்புற எல்லை, என்ன. தொகையைப் பார்த்ததும் சிரிப்போம், ஏனென்றால் முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து குறைத்துப் போட்டது என்று ஊருக்கே தெரியும். அதே கண்ணோடு லிங்கன் கடிதத்தைப் படியுங்கள்.

1862 ஆகஸ்ட் 22. அடிமைமுறையை விடாத தெற்கு மாநிலங்கள் ஒன்றியத்தை, அதாவது அமெரிக்க நாட்டை, விட்டுப் பிரிந்துபோய் வடக்கோடு உள்நாட்டுப் போர் நடக்கிறது. நியூயார்க் டிரிபியூன் பத்திரிகை ஆசிரியர் ஹோரஸ் கிரீலிக்கு லிங்கன் எழுதுகிறார்: ஒன்றியத்தைக் காப்பதே என் நோக்கம், ஒரு அடிமையையும் விடுவிக்காமல் அதைச் செய்ய முடியுமானால் அப்படியே செய்வேன். பேத்தி படித்துவிட்டு, "அப்ப லிங்கனுக்கு அடிமைகள்மேல அக்கறையே இல்லையா?" என்றாள். தேதியைப் பார் என்றேன். ஒரு மாதம் முன்னால், ஜூலை 22-இலேயே, அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சரவையில் வாசித்துவிட்டார். போரில் ஒரு வெற்றி வரட்டும் என்று காத்திருக்கிறார். அடிமைமுறை இருந்தும் ஒன்றியத்தோடு நின்ற கென்டக்கி போன்ற மாநிலங்கள் மிரண்டுவிடக் கூடாது. ஆக, கிரீலிக்கு எழுதுவதுபோல ஊருக்கே எழுதியிருக்கிறார். செப்டம்பரில் ஆன்டீட்டம் சண்டை முடிந்து ஐந்தாம் நாள் பிரகடனத்தின் முன்னறிவிப்பு வந்துவிட்டது. "யாருக்கு, எப்போது, ஏன் இப்படி" என்று இரண்டு ஆவணங்களுக்காவது விளக்கினால் டி.பி.க்யூ.வில் அதற்கென்றே ஒரு மதிப்பெண் தனியாக இருக்கிறது. மொத்தமே ஏழு மதிப்பெண்தான்.

வாரத்துக்கு ஒரு ஆவணம் போதும். சனிக்கிழமை எனக்கு ராத்திரி ஏழு மணி, அவளுக்குக் காலை. அரை மணி நேரம் படிப்பது, கால் மணி நேரம் அவள் பேசுவது, கடைசியில் நான்கு வரி எழுதுவது. நீங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் சிரமம். வாத்தியார் புத்தி சும்மா இருக்காது.

வெளிச் சான்று என்று இன்னொரு மதிப்பெண் உண்டு. கொடுத்த ஏழில் இல்லாததை நாமே கொண்டுவருவது. இங்கேதான் நம் ஊர் கைகொடுத்தது. தெற்கத்தி மாநிலக்காரர்கள் பருத்தியே ராஜா என்று இறுமாந்திருந்தார்கள். செனட்டர் ஜேம்ஸ் ஹாமண்ட் 1858-இல் சபையிலேயே அப்படிச் சொன்னார். பருத்தி இல்லாமல் இங்கிலாந்து தவிக்கும், நம் பக்கம் வந்துதானே ஆக வேண்டும் என்பது கணக்கு. வடக்குக் கடற்படை துறைமுகங்களை மறித்ததும் லங்காஷயர் ஆலைகள் எகிப்துக்கும் இந்தியாவுக்கும் திரும்பின. கோவில்பட்டிக் கரிசலில் விளைந்தது தூத்துக்குடியில் கப்பலேறியது, டின்னவெலி (திருநெல்வேலி) என்று நம் ஊர்ப் பெயரிலேயே. போர் முடிந்ததும் விலை விழுந்தது வேறு கதை. "ராஜா தோத்ததுக்கு நம்ம ஊரும் காரணமா?" என்றாள். காரணங்களில் ஒரு இழை என்று எழுது, அதிகம் எழுதாதே என்றேன்.

போன வாரம் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனம். ஜெஃபர்சன் வரைவில் அடிமை வணிகத்துக்கு இங்கிலாந்து மன்னரைக் குற்றம்சாட்டிய பகுதியைக் காங்கிரஸ் என்ற அவர்கள் சபை வெட்டிவிட்டது என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க காட்டின வயல் பத்திரமும் தாத்தா எழுதினது இல்லையே, பத்திர எழுத்தர் எழுதினதுதானே? தாத்தா சொன்னதுல எதை விட்டாரு?" என்றாள். தெரியவில்லை, பெரிய மதினியைத்தான் கேட்க வேண்டும்.