1500 எம்ஏஹெச்னு போட்ட கேமரா பேட்டரில உண்மையா எவ்ளோ இருக்கு? நீங்களே டெஸ்ட் பண்ணலாம்

என்கிட்ட இருக்கறது கேனான் 1500டி, அதுக்கு எல்பி-இ10 பேட்டரி. ஒரிஜினல் 860 எம்ஏஹெச்தான் (மில்லி ஆம்பியர்-அவர், பேட்டரில எவ்ளோ சார்ஜ் அடங்கும்ங்கற கணக்கு, ஆயிரம் சேர்ந்தா ஒரு ஆம்பியர்-அவர்). ஆனா ஆன்லைன்ல சீப்பா வாங்குன ஜோடி மேல 1500னு போட்டிருக்கு, அதே சைஸ் டப்பாக்குள்ள கிட்டத்தட்ட டபுள் எப்படிப்பா அடங்கும்?

முதல்ல காசில்லாத டெஸ்ட். வோல்ட்டை ஆம்பியர்-அவரால பெருக்குனா வாட்-அவர். ஒரிஜினல்ல 7.4 × 0.86, அதாவது 6.4, லேபிளும் அதையேதான் சொல்லுது. என் டூப்ளிகேட்ல 1500னு மாத்திட்டு வாட்-அவரை மட்டும் 6.4னே விட்டுட்டாங்க, பரீட்சைல காப்பி அடிக்கறவன் பக்கத்துப் பையன் பேரையும் சேர்த்து எழுதுன கதை.

அடுத்தது நிஜ டெஸ்ட். ஸ்டெப் 1: இசட்பி2எல்3ங்கற கெபாசிட்டி டெஸ்டர் போர்டு வாங்குங்க, ரெசிஸ்டர் வழியா பேட்டரியைக் காலி பண்ணிக்கிட்டே எவ்ளோ வெளிய வந்துச்சுனு அது எண்ணும். பெரும்பாலும் 7.5 ஓம் ரெசிஸ்டர் ரெண்டு கூடவே வரும்.

ஸ்டெப் 2: பேட்டரி பின்ல முதலைக் கிளிப் மாட்டாதீங்க, வழுக்கி ஷார்ட் ஆனா வம்பு. செத்துப்போன பழைய சார்ஜர் இருந்தா அதோட பிளஸ், மைனஸ் தகட்டை மட்டும் சர்க்யூட்லேர்ந்து பிரிச்சு வயர் சால்டர் பண்ணிக்கோங்க, நடுவுல இருக்கற பின் நமக்கு வேணாம்.

ஸ்டெப் 3: ரெசிஸ்டர் ரெண்டையும் சீரியஸ்ல, அதாவது ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா போடுங்க. இது முக்கியம், ஏன்னா ஃபுல் சார்ஜ்ல பேட்டரி 8.4 வோல்ட், ஒரே ரெசிஸ்டர்னா 9 வாட்டுக்கு மேல போகும், அதுவோ 5 வாட் ஐட்டம். சீரியஸ்ல 15 ஓம், அரை ஆம்பியர் சுமாருக்கு நிதானமா இறங்கும். அப்பவும் சூடாகும், டைல்ஸ் மேல வைங்க, பக்கத்துலயே இருங்க.

ஸ்டெப் 4: பேட்டரியை ஃபுல்லா சார்ஜ் போட்டு, அரைமணி நேரம் விட்டு, போர்டுல மாட்டுங்க. போர்டுக்கு பவர் மொபைல் சார்ஜர்லேர்ந்து. கட்-ஆஃப், அதாவது டெஸ்ட் தானா நிக்கற வோல்ட், 6.0 வைங்க, உள்ள ரெண்டு செல், ஒண்ணுக்கு 3 வோல்ட் கணக்கு. ஓகே அமுக்குனா ஓட ஆரம்பிக்கும்.

தானா நின்னதும் ஏஹெச் (ஆம்பியர்-அவர்) நம்பரைப் பாருங்க, ஆயிரத்தால பெருக்குனா எம்ஏஹெச். எனக்கு ஒண்ணுல 0.71, இன்னொண்ணுல 0.64. சந்தேகத்துல ஒரிஜினலையும் போட்டேன், ரெண்டு வருஷம் ஓடுனது, 0.80 வந்துச்சு.

யூஎஸ்பி மீட்டரை சார்ஜர்ல சொருகி அதுல வர்ற எம்ஏஹெச்சை நம்பிடாதீங்க, அது 5 வோல்ட் கணக்கு, சார்ஜர் சூடாகி வீணாக்குறதும் அதுலயே சேரும், அதனால எப்பவும் பெருசாதான் காட்டும்.

டெஸ்ட் முடிஞ்சதும் காலியா போட்டு வைக்காம உடனே சார்ஜ் போட்டுட்டு, மார்க்கர்ல நம்பரையும் தேதியையும் பேட்டரி மேலயே எழுதிடுங்க. என்னோடதுல 1500ஐ அடிச்சுட்டு 640னு எழுதியிருக்கேன்.