பழைய வீட்டில் இருமொழி மழலையர் பள்ளி: உப்புத்தாளை எடுக்கும் முன்

பெர்லினில் மழலையர் பள்ளியை 'கீட்டா' என்பார்கள். குரூனவால்ட் பக்கத்துப் பழைய வில்லாக்களைப் பார்த்து மயங்கி, ஜெர்மன்-ஆங்கிலக் கீட்டா தொடங்க யோசனை கேட்டு என்னிடம் வருகிறார்கள். அவற்றில் பல, 1930கள் வரை யூதக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகள். "முதல்ல பெயின்ட் வேலையை முடிச்சிடுறோம்" என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

நிலையைச் சுரண்டாதீர்கள்

திறப்புக்கு ஆறு வாரம் இருந்தது. கதவு நிலைகளில் பூச்சுக்கு மேல் பூச்சு. மெஷினை வாடகைக்கு எடுத்து, ஒரே சனிக்கிழமையில் எல்லா நிலைகளையும் வழவழவென்று தேய்த்துவிட்டோம். அந்தக் காலத்து எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்கும் என்பது திங்கட்கிழமைதான் உறைத்தது. தூள் பறந்து தரைப் பலகை இடுக்கு, ரேடியேட்டர் மடிப்பு எல்லாம் படிந்திருந்தது. தவழும் பிள்ளை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். ஈயம் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். இவ்வளவு போனால் பரவாயில்லை என்று சொல்ல அளவே கிடையாது. சுத்தம் செய்தோம், பரிசோதித்தோம், மறுபடி சுத்தம் செய்தோம். திறப்பு நான்கு மாதம் தள்ளிப்போனது. வாடகை தள்ளிப்போகவில்லை.

அந்தப் பணம்கூட ஆறிவிட்டது. தேய்க்கும் முன் எடுத்த ஒரு போட்டோ ஆறவில்லை. நுழையும்போது வலப்பக்க நிலையில், தோள் உயரத்தில், விரல் நீளத்துக்குச் சாய்ந்த ஒரு தழும்பு. மேலும் கீழும் ஆணித் துளை. மெசுசா இருந்த இடம். வேத வசனம் எழுதிய தோல் சுருளைச் சிறு கூட்டில் வைத்து, யூதர்கள் நிலையில் அறைவார்கள். அந்தத் துளைகளில் புட்டி வைத்து அடைத்தவள் நான். பிறகொருநாள் அந்தக் குடும்பத்துப் பேத்தி வந்து "எந்த நிலை?" என்று கேட்டபோது, போனை நீட்ட வேண்டியதாயிற்று.

ஒரு சில்லுப் பெயின்டை லேபுக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு நிலையையும் படம் எடுங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடமென்றால் அனுமதி வரும்வரை கை வைக்காதீர்கள். 1943 வரையான பெர்லின் முகவரிப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தெருவைத் தேடினால் யார் குடியிருந்தார்கள் என்று தெரியும்.

படிக்கட்டு

மரப்படி எவ்வளவு அழகாக இருந்தாலும், தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி எங்கே என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மொழிபெயர்க்கும் டீச்சர்

ஒருவர், ஒரு மொழி. ஆங்கிலத்தில் "ஷூஸ்" என்று சொன்ன கையோடு ஜெர்மனில் "ஷூஎ" என்றும் சொல்லும் டீச்சரிடம், பிள்ளை முதல் சொல்லைக் காதிலேயே வாங்காது. இரண்டாவது வரும்வரை காத்திருக்கும்.

வாசலில் பித்தளைக் கல்

இது ஸ்டோல்பர்ஸ்டைன்: நாஜிகள் துரத்தியவர்கள், கொன்றவர்களின் பெயர் பொறித்த நினைவுக் கல். அவர்கள் வாழ்ந்த வீட்டுக்கு முன், நடைபாதையில் பத்து சென்டிமீட்டர்ச் சதுரத்தில் பதித்திருக்கும். ஸ்ட்ரோலர் ஸ்டாண்டை அதன்மேல் போடாதீர்கள்.

பிள்ளைகள் "இது யார் பேரு?" என்று கேட்பார்கள். ஜெர்மன் டீச்சர் ஒன்றும் ஆங்கில டீச்சர் வேறொன்றும் சொல்லக்கூடாது. நாங்கள் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பேசினோம். பக்கத்து ஸ்டேஷனிலிருந்துதான் 1941 அக்டோபர் 18 அன்று பெர்லின் யூதர்களை நாடு கடத்த ஏற்றிய முதல் ரயில் கிளம்பியது. மூன்று வயதுக்கு அது வேண்டாம். "இந்த வீட்டுல இருந்தவங்க. அவங்களை இங்க இருக்க விடல." இப்போதைக்கு இரண்டு மொழியிலும் இவ்வளவுதான் சொல்கிறோம்.