மலையகத்துப் பழைய ஹோட்டலின் மரபுரிமைப் பெறுமதியை எழுதிவைப்பது எப்படி

ஹட்டன், ஹப்புத்தளை, பண்டாரவளை, நுவரெலியா பக்கத்தில் துரைமார் காலத்து ஹோட்டல்களும் வாடிவீடுகளும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. புது முதலாளி வந்ததும் கூரை மாறும், சுவர் உடைபடும். அதற்கு முன்பே பெறுமதிக் குறிப்பு தயாராகிவிட வேண்டும். “பழையது, அழகானது” என்று எழுதினால் அது எந்தச் சுவரையும் காப்பாற்றாது. எந்தப் பகுதி, யாருக்கு, ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும்.

முதலில் வயது. வாசலில் எழுதியிருக்கும் ஆண்டை அப்படியே நம்பாதீர்கள். அது கிளப் தொடங்கிய ஆண்டாகவோ முதல் பங்களா கட்டிய ஆண்டாகவோ இருக்கலாம். நுவரெலியா கிராண்ட் ஹோட்டலே ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸின் வீடாக இருந்து பின்னாளில் ஹோட்டலானதுதான். அதனால் கட்டிய ஆண்டு, ஹோட்டலான ஆண்டு, பெரிதாக்கிய ஆண்டு மூன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். காணிப் பதிவகத்தில் உறுதிகளைப் பின்னோக்கிப் பாருங்கள். ஏக்கர், றூட், பேர்ச்சஸ் கணக்கு (1 ஏக்கர் = 4 றூட் = 160 பேர்ச்சஸ்) திடீரென மாறினால் அங்கே ஒரு விற்பனையோ பிரிவினையோ நடந்திருக்கிறது. தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பெர்குசன் டைரக்டரியை (துரைமார் காலத்து இலங்கைத் தகவல் கையேடு) ஐந்தைந்து ஆண்டாகப் புரட்டி, ஹோட்டலின் பெயர் முதலில் எதில் வருகிறது என்று குறியுங்கள். ரயில் வந்த ஆண்டுகளையும் பக்கத்தில் வையுங்கள்: நானுஓயா 1885, பண்டாரவளை 1894, பதுளை 1924. ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஹோட்டல் என்றால் இந்த ஒப்பீடு பல சந்தேகங்களைத் தீர்க்கும்.

பிறகு கட்டடம். கூரைக்குள் ஏறி ஒரு கலிகட் ஓட்டைக் கழற்றித் திருப்பினால், அடியில் புடைத்த எழுத்தில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிச் சங்கத்தின் பெயரும் 1865 என்ற எண்ணும் இருக்கக்கூடும். அதைப் பார்த்துக் கட்டடத்துக்கே 1865 என்று எழுதிவிடுகிறார்கள். மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு அது. ஓடு எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கலாம். கைமரங்களில் இப்போதைய சிலாகைக்குச் சம்பந்தமில்லாத ஆணித் துளைகள் வரிசையாகத் தெரிந்தால், முன்பு வேறு கூரை இருந்திருக்கிறது, அல்லது மரமே வேறு கட்டடத்திலிருந்து வந்திருக்கிறது.

சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். பொள்ளென்று கேட்கும் இடத்தைப் படத்தில் குறியுங்கள். பழைய சுண்ணாம்புப் பூச்சை ஆணியால் கீறலாம், சிமெந்தை அப்படிக் கீற முடியாது. சுண்ணாம்புச் சுவரில் சிமெந்து ஒட்டுப் போட்டால், மயிரிழை வெடிப்பில் இறங்கும் மழைநீர் வெளியே ஆவியாக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். பின்னால் இருக்கும் சுண்ணாம்பு இளகி, பழைய பூச்சையும் இழுத்துக்கொண்டு பாளமாக விழும். 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு மணல் கலவையே பொருந்தும். நீண்ட சதுர ஒட்டு ஒன்று தெரிந்தால் அடைத்த கதவோ யன்னலோ என்று பாருங்கள். படங்களைக் காலையிலேயே எடுத்துவிடுங்கள், பின்னேரம் மூடுபனி இறங்கிவிடும். ஒவ்வொரு படத்திலும் 1 மீற்றர் அளவுகோல் தெரிய வேண்டும்.

முன்வாசலும் கணப்பு அடுப்பும் எல்லாக் குறிப்பிலும் வந்துவிடும். விடுபடுவது பின்பக்கம்: சமையலறை, வேலையாளை அழைக்க அறை எண்களோடு தொங்கும் மணிப்பலகை, ஒருவர் மட்டும் ஏறக்கூடிய பின்படி, வேலையாட்களின் லயம். அந்த ஹோட்டல்களை நடத்திய உழைப்பில் பெரும்பங்கு மலையகத் தமிழரான நம் ஆட்களுடையது. சமைத்தவர், பரிமாறியவர், துணி வெளுத்தவர் யாரென்று இல்லாத குறிப்பு பாதிக் குறிப்புத்தான். பழைய வேலையாட்களிடம் “அந்தக் காலம் எப்படி இருந்தது தாத்தா” என்று கேட்டால் பொதுப்பேச்சுத்தான் வரும். தரைப்படத்தைக் கையில் கொடுத்து, “எந்தக் கதவால் உள்ளே போவீங்க? எங்க உட்கார்ந்து சாப்பிடுவீங்க?” என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காமல் இன்னொரு நாள் போங்கள். நம் ஆட்களை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்துக்கும், ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கும் பிறகு பல குடும்பங்கள் இந்தியா போய்விட்டன. தமிழ்நாட்டின் கூடலூர், கோத்தகிரியில் இருக்கும் உறவினர்களிடமும் விசாரியுங்கள்.

வருகைப் பதிவேடு கிடைத்தால் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டையும் பிறகு தாளைக் கெடுக்காமல் எடுக்க முடியாது.

கடைசியாக எழுத்து. வரலாறு, அழகு, கட்டட நுட்பம், சமூக நினைவு ஆகிய நான்கையும் 250 சொல்லுக்குள் அடக்குங்கள். கீழே ஒவ்வொரு பகுதிக்கும் “தொடக்கூடாது”, “கவனமாக மாற்றலாம்”, “மாற்றலாம்” என்று தரம் போடுங்கள். முதலாளியும் வேலையைச் செய்யும் மேசன் பாஸும் உண்மையில் வாசிப்பது இதைத்தான். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தியவற்றையே புராதனச் சின்னமாகக் கொள்கிறது. வெள்ளைக்காரன் காலத்து ஹோட்டல்கள் எல்லாம் அதற்குப் பிந்தியவை. வர்த்தமானியில் தனியாக அறிவித்தால்தான் பாதுகாப்பு. ஆகவே குறிப்பைத் தொல்பொருள் திணைக்களத்துக்குக் கோரிக்கையோடு அனுப்புங்கள். உள்ளூராட்சி சபைக்கு ஒரு பிரதி, டவுன் பொது நூலகத்துக்குத் தமிழில் ஒரு பிரதி கொடுங்கள்.